மிஸ் என்றால் அவள், டீச்சர் என்றால் நான்

நவம்பர் 3, 1986. திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. முறுக்கு இன்னும் அரை டின் கிடக்கிறது. சர்க்கரை வியாதி என்பதால் அதிரசத்தைத் தொடவே இல்லை என்கிறார் என் வீட்டுக்காரர். டின்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

காலை வழிபாட்டில் எங்கள் தாளாளர் வேலாயுதம் அண்ணாச்சி புதிதாக ஒருத்தியை மேடையேற்றி அறிமுகப்படுத்தினார். பெயர் நளினி பிரகாஷ். புருஷன் பாங்க் ஆபீசர், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். இவள் பெங்களூரில் கான்வென்டில் படித்து அங்கேயே வாத்திச்சியாக இருந்தவளாம். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் ஆரம்பித்த இங்கிலீஷ் மீடியம் பிரிவை இனிமேல் இவள்தான் பார்த்துக்கொள்வாள்.

"இவங்கள எல்லாரும் மிஸ்னுதான் கூப்பிடணும். டீச்சர்னு கூப்பிடப்பிடாது, என்ன?" என்றார் அண்ணாச்சி. மரக்கடை வைத்திருக்கிற மனுஷர். மிஸ் என்று சொல்லும்போது மட்டும் அவர் வாய் ஒரு மாதிரி குவிந்தது.

என்னை இருபத்தெட்டு வருஷமாக ஊரே நாயகி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. உலகநாயகி என்ற முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. டீச்சர் என்ற சொல் நன்றாகத்தான் இருந்தது, இன்று காலை வரைக்கும்.

நவம்பர் 5. புதன்

மழை. துணி காயவில்லை. எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு வரலாற்றுத் தேர்வு வைத்தேன்.

ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் டம்ளரில் டீ. இங்கிலீஷ் மீடியம் அறைக்கு மட்டும் கப், சாசர். நான் கவனித்தேன் என்று இல்லை, வழியில் கண்ணில் பட்டது.

நவம்பர் 13. வியாழன்

அவள் இன்று மதியம் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டாள். "தனியா சாப்பிடப் பிடிக்கல டீச்சர், உங்களோட உக்காரலாமா?" என்று என்னிடம்தான் கேட்டாள். வேண்டாம் என்றா சொல்ல முடியும்? என் புளிக்குழம்பை விரலால் தொட்டு நக்கிவிட்டு, எப்படி வைக்கிறீர்கள் என்று செய்முறை கேட்டாள். சொன்னேன். வெந்தயம் வறுத்துப் போடுவதைச் சொல்லவில்லை.

எங்கள் அறையில் யாரும் இங்கிலீஷ் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, திமிர் பிடித்தவள் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சுத்தமான தமிழில் பேசுகிறாள். கைத்தறிச் சேலை கட்டுகிறாள். நகை கிடையாது. காதில் பொட்டு மாதிரி ஒன்று.

பழகப் பழகப் பாலும் புளிக்கும். பொங்கல் வரட்டும், பார்ப்போம்.

நவம்பர் 21. வெள்ளி

நான் நினைத்தபடி நடக்கவில்லை.

பெரிய டீச்சர் ஜனவரி கடைசியில் ஓய்வு பெறுகிறார். எங்கள் ஊரில் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வோம். அடுத்தது நான்தான் என்று நான் மட்டுமா நினைத்தேன்? மணி அடிக்கிற ஆறுமுகம்கூட இப்போதே எனக்கு ஒரு வணக்கம் கூடுதலாக வைக்கிறான். சர்வீஸ் என்று பார்த்தால் எனக்கு அடுத்தவளுக்கும் எனக்கும் நடுவில் ஒன்பது வருஷம் இருக்கிறது.

இன்று அண்ணாச்சி என்னைக் கடைக்குக் கூப்பிட்டுவிட்டார். தேக்குமரத் தூசிக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து மெதுவாக ஆரம்பித்தார்.

"டீச்சர், ஒங்க சர்வீஸ நான் இல்லேங்கல. ஆனா இப்பம் எல்லாவனும் இங்கிலீஷ் மீடியம் கேக்கான். அடுத்த வருஷம் எட்டு, அதுக்கடுத்து ஒம்பதுன்னு கொண்டு போகணும். பெரிய டீச்சரா இருக்கவங்க நாலு பேர்ட்ட இங்கிலீஷ்ல பேசணும்லா? கமிட்டில நளினி மிஸ் பேரச் சொல்லுதாவ."

"அவ வந்து மூணு வாரம் ஆகல அண்ணாச்சி."

"அதான். நான் ஒரு வழி சொல்லுதேன். டிசம்பர்ல இன்ஸ்பெக்சன் வருதுல்லா. அன்னைக்கு நீங்க இங்கிலீஷ் மீடியம் ஏழாங்கிளாஸ்ல ஒரு பீரியடு எடுங்க. அவங்க ஒங்க எட்டு பி-ல எடுக்கட்டும். கல்வி ஆபீசர் டி.இ.ஓ. பாத்து என்ன எழுதுதாரோ அதான். ரெண்டு பக்கமும் மேய்க்கத் தெரியணும்லா?"

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் என்ன ஒத்துக்கொண்டேன் என்பது உறைத்தது. ஒரு பீரியடு முழுக்க நான் இங்கிலீஷில் பேசவேண்டும். பி.ஏ.யில் இங்கிலீஷ் தாளை நான் எத்தனை தடவை எழுதினேன் என்பது எனக்கும் என் அப்பாவுக்கும்தான் தெரியும். அப்பா இப்போது இல்லை.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர், "வயித்தெரிச்சல்னா மோர் குடி" என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னாரோ தெரியவில்லை.

நவம்பர் 22. சனி

இவரிடமே சரணடைந்தேன். தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷில் மனு எழுத இவரை அடிக்க அந்தக் காலத்தில் ஆள் கிடையாது என்பார்கள். ஏழாம் வகுப்புக்கு அசோகர் பாடம். தமிழில் நான் சொல்லச் சொல்ல இவர் இங்கிலீஷில் எழுதித் தந்தார். படித்துப் பார்த்தால், "தி அபவ் செட் அசோகா", அதாவது மேற்படி அசோகர், என்று ஆரம்பிக்கிறது. கலிங்கப் போர் முடிந்ததும் அசோகர் "மோஸ்ட் ஹம்பிளி அண்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி" மனம் மாறுகிறார்.

"மன்னர் கலெக்டருக்கு மனுப் போடுதாரா?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ்னா இதான் நாயகி. நீ மனப்பாடம் பண்ணு, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எனக்குத் தெரிந்தால்தானே மறுத்துப் பேச முடியும். கடுகு தாளிக்கும்போது ஒரு பத்தி, குளிக்கும்போது ஒரு பத்தி என்று ஓட்டுகிறேன்.

டிசம்பர் 2. செவ்வாய்

இன்ஸ்பெக்சன் பதினொன்றாம் தேதி. சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். வாசலில் இருக்கிற கல்வெட்டுக்கும் ஒரு பூச்சு. எங்கள் பள்ளியின் பெயர் கரனேசன் பெண்கள் உயர்நிலைப்பள்ளி. ஐந்தாம் ஜார்ஜுக்குப் பட்டாபிஷேகம் நடந்த வருஷம் ஊர் வியாபாரிகள் சந்தோஷப்பட்டுக் கட்டிய பள்ளிக்கூடம். நானும் இங்கேதான் படித்தேன்.

எட்டு பி-யைத் தயார் செய்வதில் எனக்குக் கவலையே இல்லை. பாடம், "ஆங்கிலேயர் ஆட்சியால் விளைந்த நன்மைகள்." ரயில், தபால், தந்தி, சாலை, ஆங்கிலக் கல்வி, சட்டம். ஆறு குறிப்பு, ஐந்து மார்க். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாளுகள்.

பிறகு கை. அதை நான் ஜூன் மாதமே சொல்லிக்கொடுத்துவிடுவேன். கேள்வி கேட்டதும் வகுப்பில் ஒரு பிள்ளை பாக்கி இல்லாமல் கை தூக்கவேண்டும். பதில் தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. நான் வலது கைகளிலிருந்து ஒருத்தியைக் கூப்பிடுவேன். வருகிறவர் கண்ணுக்கு வகுப்பே அறிவாகத் தெரியும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என் வாத்திச்சி பாக்கியம் டீச்சர். அவருக்கு அவர் வாத்தியார். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்த காலத்தில், எத்தனை கை எழும்புகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் அந்தத் துரை பள்ளிக்கு கிராண்ட் பணம் எழுதுவாராம். பாக்கியம் டீச்சர் அப்படித்தான் சொல்வார். துரை போய்விட்டார், கை போகவில்லை. என் வகுப்பை இன்ஸ்பெக்சனில் ஒருத்தரும் ஒரு குறை சொன்னது கிடையாது.

டிசம்பர் 5. வெள்ளி

பாடம் மாற்றி எடுப்பதால் பிள்ளைகளோடு பழகவேண்டும் என்று நளினி எட்டு பி-க்கு வந்து அரை மணி நேரம் இருந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. மூன்றாவது பெஞ்சில் பேச்சியம்மாளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டாள். பேச்சியின் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். அவள் தலையில் எண்ணெய் வைத்து வந்தால் அன்றைக்கு மழை வரும். அவளோடு என்ன பேச்சு வேண்டியிருக்கிறது? ஜன்னல் வழியே பார்த்தேன். பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கை விஷயத்தை நளினியிடம் சொல்லவேண்டும். இன்று நேரம் அமையவில்லை.

டிசம்பர் 9. செவ்வாய்

சொல்லலாம் என்று அவள் அறைக்குப் போனேன். கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர், நானே உங்களப் பாக்கணும்னு இருந்தேன். எட்டு பி-ல எனக்கு ஏதாவது அட்வைஸ் இருக்கா?" என்று எழுந்து நின்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பிள்ளைய எல்லாம் நல்ல பிள்ளைய" என்றேன்.

எனக்கும் ஒரு கப் டீ தந்தாள். இஞ்சி போட்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 10. புதன்

மறந்துவிட்டது. வேலை தலைக்கு மேல்.

டிசம்பர் 11. வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது, எழுதினாலும் வருமா என்று தெரியவில்லை.

டி.இ.ஓ. பத்து மணிக்கு வந்தார். வயதானவர், அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறாராம். ரோஜா மாலை, சந்தனம், இளநீர். முதல் பீரியடு என்னுடையது.

ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியம். டை கட்டிய பிள்ளைகள். நான் வாயைத் திறந்தேன், அபவ் செட் அசோகா தானாக ஓடிவந்தார். எங்கேயும் நிற்கவில்லை. நின்றால் அவ்வளவுதான் என்று தெரியும். ஒவ்வொரு வரியையும் நான் சொல்ல, பிள்ளைகளைத் திரும்பச் சொல்ல வைத்தேன். கட்டடம் அதிர்ந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டி.இ.ஓ. பின்னால் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது என் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணாச்சி, "பிச்சிட்டிய டீச்சர்" என்றார்.

அடுத்து எட்டு பி. நான் வராந்தாவில் தூண் பக்கம் நின்றுகொண்டேன். பக்கத்தில் அண்ணாச்சி.

நளினி பாடத்தை ஒரு கதை மாதிரி ஆரம்பித்தாள். பிறகு, "வெள்ளைக்காரங்க வந்ததால படிப்புல என்ன மாறிச்சு? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

வகுப்பு முழுக்கக் கை. ஒருத்தி பாக்கி இல்லை. நளினி அசந்துபோனாள். முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாருக்கும் தெரியுமா! சரி, பேச்சியம்மா நீ சொல்லு" என்றாள்.

பேச்சி தூக்கியிருந்தது இடது கை; நோட்டில் இருக்கிற கேள்வி இது இல்லையே. எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. நளினி காத்திருந்துவிட்டு அடுத்த பெஞ்சில் ஒருத்தியைக் கூப்பிட்டாள். அதுவும் இடது. அதற்கடுத்தவளும் இடது. மூன்று பேர் மரம் மாதிரி நிற்கிறார்கள். டி.இ.ஓ. பேனா மூடியைக் கழற்றினார்.

அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். இனித்தது.

"தெரியலன்னா பரவால்ல. ஆனா எதுக்குக் கை தூக்கினீங்க?" என்று கேட்டாள் நளினி. அதட்டவில்லை. சந்தேகம் கேட்பவள் மாதிரி கேட்டாள்.

பேச்சி சொன்னாள்: "தெரியலன்னா எடது கையத் தூக்கணும்னு டீச்சர் சொல்லிருக்காவ மிஸ். தூக்காம இருந்தா நம்மள மக்குன்னு எழுதிருவாவளாம்."

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். அந்தக் கேடு இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். வெள்ளை அடித்தது இன்னும் காயவில்லை, சேலையில் ஒட்டியிருந்தது.

நளினி ஒரே ஒரு தரம் வராந்தா பக்கம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. டி.இ.ஓ.வுக்கு எதிரில் ஒரு வார்த்தை போதும், நான் ஒழிந்தேன். அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அப்போ இடது கை தூக்கினவங்க யாரும் கையை இறக்காதீங்க. உங்ககிட்டதான் எனக்கு வேலை. என்ன தெரியலன்னு ஒவ்வொருத்தரா கேளுங்க" என்றாள்.

முதலில் பேச்சிதான் கேட்டாள்.

"மிஸ், கரனேசன்னா என்னது?"

"ராஜாவுக்குப் பட்டம் கட்டுறது. எழுபது, எழுபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால இங்கிலாந்துல ஒரு ராஜாவுக்குப் பட்டம் கட்டினாங்க. அந்தச் சந்தோஷத்துல இந்த ஊர்க்காரங்க இந்த ஸ்கூலைக் கட்டினாங்க."

"அவரு இந்த ஊருக்கு வந்தாரா?"

"இல்ல."

"பொறவு நமக்கென்ன சந்தோசம்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நளினியும் சிரித்துவிட்டாள். "எனக்கும் தெரியல பேச்சி" என்று சொல்லி, தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. ரயிலை நமக்காகத்தான் விட்டார்களா? நம் காசில் விட்டார்களா, அவர்கள் காசிலா? அவர்கள் வருவதற்கு முன்னால் இங்கே பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? பொம்பளைப் பிள்ளைகளும் படித்தார்களா? நளினி சிலதற்குப் பதில் சொன்னாள், சிலதற்கு இடது கையைத் தூக்கினாள். மணி அடித்தபோது பாடத்தில் மூன்றாவது குறிப்புகூட வரவில்லை. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

கரனேசன் என்றால் என்ன என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேனே. என் பிள்ளைகள்தானே அதுகள்? வருஷக்கணக்காகச் சோறு போட்டது நான், கை நனைத்துவிட்டுப் போனது அவளிடமா?

டிசம்பர் 12. வெள்ளி

காய்ச்சல் என்று சொல்லி லீவு. காய்ச்சல் இல்லை.

டிசம்பர் 15. திங்கள்

நளினியைத் தவிர்க்கலாம் என்று பார்த்தேன். அவளே வந்துவிட்டாள். "காய்ச்சல் தேவலையா டீச்சர்?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம். "ஏன் சொல்லல?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன், பாரம் இறங்கியிருக்கும். அவள் அதற்குக்கூட இடம் தரவில்லை.

ஜனவரி 5, 1987. திங்கள்

டி.இ.ஓ. அறிக்கை வந்துவிட்டது. அண்ணாச்சி கடையில் கணக்கப்பிள்ளை வாசிக்க, நானும் இவரும் கேட்டோம். இவர் தமிழில் சொன்னார்.

திருமதி உலகநாயகி: ஒழுங்கு மிகச் சிறப்பு. ஆங்கிலத்தில் தங்குதடையற்ற ஆற்றல். அவர் தயார்செய்த எட்டாம் வகுப்பு பி பிரிவில் கேள்விக்கு அனைத்து மாணவியரும் கை உயர்த்தினர்.

திருமதி நளினி பிரகாஷ்: வகுப்பில் கூச்சல். பாடத்திட்டப்படி பாடம் முடிக்கப்படவில்லை. மாணவியர் முன் ஆசிரியை தனக்குத் தெரியாது என்று கூறியது மரியாதைக் குறைவுக்கு வழிவகுக்கும்.

கணக்கப்பிள்ளையை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னேன். "எல்லாத்தையும் பாத்துட்டுத்தான எழுதிருக்காரு? எடது கைய அவரும் பாத்தாருல்லா?" என்று அண்ணாச்சியிடமே கேட்டுவிட்டேன்.

அண்ணாச்சி சிரித்தார். "அன்னைக்குக் கார்ல ஏறும்போ என்ன சொன்னாரு தெரியுமா? 'எங்க வாத்தியாரும் இப்படித்தான்யா சொல்லிக் குடுத்தாரு. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் நான் எடது கைதான்' அப்படின்னாரு. சந்தோசமாப் போயிட்டாரு மனுசன். விடுங்க டீச்சர். பெரிய டீச்சர் நீங்கதான். கமிட்டில எழுதியாச்சு."

இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆங்கிலத்தில் தங்குதடையற்ற ஆற்றல் என்பது தனக்கு வந்த சர்டிபிகேட் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, பிறகென்ன?

ஜனவரி 6. செவ்வாய்

நளினி கை கொடுத்து வாழ்த்துச் சொன்னாள். அவள் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தேன். ஒரு துளி பொறாமை இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. அந்தப் பாவி மனுஷி உண்மையிலேயே சந்தோஷப்படுகிறாள்.

பிப்ரவரி 2. திங்கள்

நாற்காலியில் உட்கார்ந்தேன். பெரிய நாற்காலி, கால் தரையில் சரியாக எட்டவில்லை. பெஞ்சுத் துண்டு ஒன்றைக் கால் வைக்கப் போடச் சொன்னேன். ஆறுமுகம் எனக்குக் கப்பில் டீ கொண்டுவந்தான். டம்ளரில் குடித்த ருசி இதில் இல்லை. இஞ்சி போடச் சொல்லவேண்டும்.

பிப்ரவரி 6. வெள்ளி

நளினி அனுமதி கேட்டு உள்ளே வந்தாள். "டீச்சர், ஒரு ரிக்வெஸ்ட். வாரத்துல ஒரே ஒரு பீரியடு எட்டு பி-க்குப் போகட்டுமா? என் ஃப்ரீ பீரியட்லதான். பாடம் எதுவும் எடுக்கல. அவங்க கேள்வி கேப்பாங்க, நான் பதில் தேடிக்கிட்டு வரணும். அவ்வளவுதான். அவங்க என்னைப் பாக்கிறப்பல்லாம் எப்ப வருவீங்கன்னு கேக்கிறாங்க."

அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்களாம். என்னிடம் ஒருத்தியும் எதையும் கேட்டதில்லை.

"டைம்டேபிள்ல எடம் இல்லம்மா. இங்கிலீஷ் மீடியத்துக்குன்னுதான் ஒங்களப் போட்டிருக்கு. கமிட்டி என்ன சொல்லுமோ" என்றேன். கமிட்டியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணாச்சி, "ஒங்க இஷ்டம் டீச்சர்" என்றிருப்பார்.

"சரி டீச்சர்" என்று போய்விட்டாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

எட்டு பி-க்கு வரலாற்றுக்கு இன்னும் ஆள் போடவில்லை. போடும்வரைக்கும் நானே எடுப்பேன். நான் எடுக்க முடியாதா என்ன? என் பிள்ளைகள். அவளுக்கு முன்னாலேயே இருந்தவள் நான்.

பிப்ரவரி 8. ஞாயிறு

ரேஷனில் பாமாயில் போட்டார்கள். தோசை மாவு புளித்துவிட்டது. நாளை எட்டு பி-யில் முதல் பீரியடு எனக்கு. அவள் என்ன பெரிதாகச் செய்துவிட்டாள்? பெஞ்சில் உட்கார்ந்தாள், கேளுங்கள் என்றாள். அவ்வளவுதானே. அதை நானும் சொல்வேன்.

பிப்ரவரி 9. திங்கள்

உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்று இழுத்தார்கள். உட்காரச் சொன்னேன். நான் நாற்காலியில் உட்காரவில்லை. மூன்றாவது பெஞ்சுக்குப் போனேன். பேச்சி பதறி எழுந்து தள்ளி நின்றுகொண்டாள். நான் உட்கார்ந்ததும் அந்தப் பெஞ்சில் இருந்த மற்றவளுகளும் எழுந்துவிட்டார்கள். பெஞ்சில் நான் மட்டும். மறுபடி முன்னால் வந்து நின்றேன்.

"இன்னைக்குப் பாடம் கெடையாது. ஒங்களுக்கு என்ன தெரியலையோ கேளுங்க. யாரையும் அடிக்கமாட்டேன்" என்றேன்.

யாரும் கேட்கவில்லை. குனிந்துகொண்டார்கள். ஒருத்தி நோட்டைத் திறந்து ஆங்கிலேயர் ஆட்சியின் நன்மைகளை முணுமுணுக்க ஆரம்பித்தாள். நான் கேள்வி கேட்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"ஏட்டி, எதுனாலும் கேளுங்கட்டி. வாயில என்ன கொழுக்கட்டையா? அவங்ககிட்ட அன்னைக்கு அவ்வளவு கேட்டீங்கள்ல?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயர்த்தவேண்டும் என்று நினைக்கவில்லை.

பேச்சி எழுந்தாள். பெரிய டீச்சர் ஆர்டருக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

"டீச்சர், நளினி மிஸ் இனிமே எங்க கிளாசுக்கு வரமாட்டாவளா?"

கேட்கச் சொன்னது நான்தான். கேட்டுவிட்டாள். வகுப்பில் இருந்த அத்தனை முகமும் நிமிர்ந்தது. ஒருத்தி பாக்கி இல்லை.

"அவங்க இங்கிலீஷ் மீடியம் மிஸ்ஸு. நீங்கல்லாம் தமிழ் மீடியம். ஒங்களுக்கு நான்தான்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

பேச்சி உட்காரவில்லை. யோசித்தாள். செங்கல் சூளைக்காரர் மகள், இங்கிலீஷில் தன் பெயரை எழுதினால் ஒரு எழுத்துக் குறைந்திருக்கும்.

"அப்பம் நாங்களும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனா வருவாவளா டீச்சர்? அதுக்கு எவ்வளவு கட்டணும்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வேண்டாம். தமிழில் பேசுகிற ஒருத்தியிடம் தமிழில் கேட்பதற்காக அவள் அங்கே போகவேண்டும் என்கிறாள். வழியை மறித்து நிற்பது நான். ஒரு துண்டுச் சீட்டில் நாலு வார்த்தை எழுதினால் அந்தப் பீரியடை நாளைக்கே கொடுத்துவிடலாம். கொடுத்தால் என் வகுப்பில் எனக்கு என்ன மிஞ்சும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். இவ்வளவு எழுதிய பிறகும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நேரம் மணி அடித்தது என்று எழுதிவிடலாம். அடிக்கவில்லை. இன்னும் அரை பீரியடு இருந்தது. பேச்சி நின்றுகொண்டே இருந்தாள்.